மேட்டுத் தெருவின் கடைசிக் குடம்

கிராம சபையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நகரத்துக்கும் அப்படி ஒன்று உண்டு, பகுதி சபை. நம்மில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. 2011 கணக்கெடுப்பில் நம் திண்டுக்கல் நகரில் இருந்தவர்களோ சுமார் இரண்டு லட்சத்து ஏழாயிரம் பேர். 2022-இல் தமிழக அரசு கொண்டுவந்த விதிகள்தான் நம் ஊரைப் போன்ற நகரங்களிலும் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் வழிவிட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடின.

திண்டுக்கல் மாநகராட்சியில் 48 வார்டுகள். ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரியும். பகுதிக்கு ஒருவர் பிரதிநிதி. அவர்கள் வார்டு குழுவில் கவுன்சிலரோடு உட்கார்ந்து குடிநீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று ஒவ்வொன்றாகப் பேசுவார்கள்.

ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீர் குழாயில் வரும் நாளில், மேட்டுத் தெருக் கடைசி வீட்டில் மட்டும் பாதிக் குடத்தோடு நின்றுபோகிறது. இது எந்தக் கோப்பிலும் இருக்காது. குடம் பிடிக்கும் அந்த அக்காவுக்குத்தான் தெரியும். சபையில் பேச வேண்டியவர் அவர்தான்.

அடுத்த கூட்டம் என்றைக்கு என்று உங்கள் கவுன்சிலரிடம் இன்றே கேளுங்கள். போகும்போது, எரியாத விளக்குக் கம்பத்தின் எண்ணையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.