அருகில் வந்த அரசை அறிவிப்போம்

(பொன்விழாத் திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய மறையுரை)



நம் பங்கின் பொன்விழாவைக் காண இறைவன் அருள்கூர்ந்தார். ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பீடத்தில் நமக்காகத் தம்மையே அளித்துவரும் ஆண்டவருக்கு முதற்கண் நன்றி கூறுவோம். ஆனால் நன்றி கூறுவதோடு விழா முடிந்துவிடுவதில்லை. ஐம்பதாம் ஆண்டை எப்படிக் கொண்டாட வேண்டும் என்று லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் நிலத்தை விற்றவனுக்கு அது மீண்டும் கிடைக்க வேண்டும். ஆகவே யூபிலி என்பது விலக்கப்பட்டவர்கள் வீடு வந்து சேரும் ஆண்டு.

இந்த நன்னாளில், ஆண்டவர் தம் பன்னிரு திருத்தூதர்களிடம் ஒப்படைத்த செய்தியைச் சிந்திப்போம். மத்தேயு நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில், இறைவனின் அரசு மக்களை நெருங்கிவிட்டதைப் பறைசாற்றும்படி அவர்களை அனுப்புகிறார். நோயாளரைக் குணமாக்கச் சொல்கிறார். ஊர் ஒதுக்கிவைத்த தொழுநோயாளரிடமும் போகச் சொல்கிறார். காசும் பையும் மாற்று உடையும் வேண்டாம் என்கிறார். ஏன்? கையில் ஒன்றுமில்லாதவன் பிறர் வீட்டில்தான் தங்க வேண்டும், அவர்கள் இட்டதைத்தான் உண்ண வேண்டும். அப்படி மக்களை நெருங்கிச் செல்கிறவன்தான், இறைவன் நெருங்கி வந்திருக்கிறார் என்று சொல்லத் தகுதி பெறுகிறான். எட்ட நின்றுகொண்டு இந்தச் செய்தியை அறிவிக்க முடியாது.

இது குருக்களுக்கும் கன்னியர்க்கும் உரிய வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு உண்டு என்று 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது. நம் மண்ணின் வரலாறு அதை முன்பே காட்டியிருக்கிறது.

1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்தவர்களின் துணையால் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, சிறுவர்களுக்குக் கற்பித்தார். நோயாளிகள் பலர் அழைத்தபோது, எல்லா வீடுகளுக்கும் தாமே செல்ல இயலாமல் அந்தச் சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிச் செபித்ததை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர் டச்சுப் படைத் தலைவர் தெ லனோய். அவர் கத்தோலிக்கர். பின்பு திருவிதாங்கூர் அரசரின் பணியில் சேர்ந்தார். அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்டப் பிள்ளை, குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்தபோது, தெ லனோய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். துயரத்தில் இருந்த நண்பருக்குச் சொன்ன அந்த ஆறுதலே விதையாயிற்று. நீலகண்டர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாருடனும் பழகினார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்திய நாட்டின் முதல் பொதுநிலைப் புனிதர் அவரே.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910-ஆம் ஆண்டில்தான் அது இடிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் நடந்தது. ஆயினும் சுவர் மீண்டும் எழவில்லை. சுவரின் இருபுறமும் முழந்தாளிட்டு, அனைவருக்கும் ஒரே தந்தை என்று செபித்தவர்கள் யார்? நம்மைப் போன்ற விசுவாசிகள்தான்.

நம் கோயிலில் அத்தகைய சுவர் இல்லை. ஆனால் நம் உள்ளங்களில்? திருவிழாச் சப்பரம் நம் எல்லாத் தெருக்களுக்கும் போகிறதா? கல்லறைத் தோட்டத்தில் இன்னாருக்கு இன்ன மூலை என்ற கணக்கு நமக்குள் இல்லையா? ஒரே நற்கருணையை உண்ணும் நாம், ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமா? நம் அயலாரான பிற சமயத்தவர் மறையுரை கேட்க வருவதில்லை. ஆனால் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஒருவரையொருவர் நெருங்காவிட்டால், இறைவன் நெருங்கி வந்தார் என்ற செய்தியை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் இதுவரை வாசற்படி மிதிக்காத ஒரு வீட்டுக்குச் சென்று, அவர்களோடு உணவருந்தி, அவர்களையும் தன் வீட்டுக்கு அழைக்கட்டும். இரண்டாவது, மறைக்கல்வி பயிலும் நம் பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு ஞாயிறுதோறும் நோயாளிகளைச் சந்தித்துச் செபிக்கட்டும். மூன்றாவது, இவ்வாண்டு சப்பரம் ஒரு தெருவையும் விடாமல் வலம் வரப் பங்குப் பேரவை ஒரு மனதாகத் தீர்மானிக்கட்டும். தடைகள் வரலாம், முகம் சுளிப்போரும் இருக்கலாம். அஞ்ச வேண்டாம்.

நம் முன்னோர் கல் சுமந்து, மண் சுமந்து இக்கோயிலை எழுப்பினார்கள். அதன் கதவு யாவருக்கும் திறந்திருக்கச் செய்வது நம் கடமை. புனித தேவசகாயத்தின் வேண்டுதலால் இறைவன் நம் அனைவரையும் ஒரே குடும்பமாக ஆசீர்வதிப்பாராக! ஆமென்.