குறி தவறும் துவக்கு



பள்ளிக்கூட அதிபர் ஒருவர் வேட்டைத் துவக்கைப் பற்றிப் பேச வந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். நான் வேட்டைக்காரன் அல்லன். வேட்டையை விரும்புபவனும் அல்லன். நேற்றுவரை நேராகச் சுட்ட ஒரு கருவி இன்று பிழைக்குமாயின், அதன் காரணத்தை எவ்வாறு தேடிக் காண்பது என்பதிலேயே எனது நாட்டம் செல்கின்றது. அத்தேடல் பிழைத்தால் துன்புறுவது துவக்கின் சொந்தக்காரன் மட்டுமன்று.

1907ஆம் ஆண்டு, இந்தியாவின் வடக்கே குமாவோன் மலைநாட்டிலுள்ள சம்பாவத் என்னும் ஊரில், ஜிம் கோர்பெற் என்பார் ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றைத் தேடிச் சென்றார். 436 பேரை அப்புலி கொன்றதாக அவர் பின்னாளில் எழுதிய நூல் கூறுகின்றது. அன்று அவர் எடுத்துச் சென்றவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்துபோயின. குண்டுபட்டும் வீழாத புலி எதிரே நிற்கின்றது. கோர்பெற் ஓடிச்சென்று, உடன்வந்த தாசில்தாரின் பழைய துவக்கை வாங்கிக்கொண்டு மீண்டார். அதை உயர்த்தியபோதுதான் குழலுக்கும் அதன் அடிப்பாகத்துக்கும் இடையே ஏறக்குறைய 3/8 அங்குல இடைவெளி இருப்பதைக் கண்டார். வேறு வழியில்லை. புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். தூரம் 20 அடிதான். குண்டோ வாயை விட்டு வலது பாதத்திற் பட்டது! நல்லகாலமாக, புலி ஏற்கெனவே உயிர் போகும் தறுவாயில் இருந்தது.

பிழை தம் கையினதா, துவக்கினதா என்பதைக் கோர்பெற் முடிவுகட்டிச் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடமுண்டு என்றே எழுதிவைத்தார். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கின்றேன். நம்மிற் பலர் பழைய துவக்கின் தலையிலேயே பழியைப் போட்டிருப்போம்.

அப்புலியின் வாயைச் சோதித்தபோது வேறொன்றும் தெரியவந்தது. வலப்பக்கத்து மேற்கோரைப்பல் பாதியாகவும், கீழ்க்கோரைப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. முன்னொரு நாளில் யாரோ சுட்ட குண்டினால் விளைந்த சேதம் அது. இயல்பான இரையைக் கொல்லும் வலியிழந்தமையாலேயே அது மனிதரை நாடியது என்பது கோர்பெற்றின் துணிபு. ஒரு குண்டு சில அங்குலம் விலகியது; அதன் விலையைச் செலுத்தியவர்கள் விறகுக்கும் புல்லுக்கும் காடு சென்ற ஏழைப் பெண்கள்.

ஆகவே, குறி பிழைக்கின்றதென ஐயுற்றவன் முதலில் வேட்டையை நிறுத்தல் வேண்டும். துவக்கில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதிசெய்தல் வேண்டும். அதன்பின், அதற்கென அமைந்த சுடுகளத்தில், மணல் மூட்டையின்மேல் துவக்கைத் தாங்கவைத்து, 100 யார் தூரத்திலுள்ள கடதாசியிற் சில குண்டுகளைச் சுட்டுப் பார்க்கலாம். குழல் ஆறுவதற்கு இடைவேளை விட்டுச் சுடுதல் நன்று.

அந்தக் கடதாசியை ஒரு மாணவனின் விடைத்தாள் போல வாசிக்க வேண்டும். துளைகள் யாவும் ஓரிடத்தில் நெருங்கி, ஆனால் நடுப்புள்ளியை விட்டு ஒதுங்கி விழுந்திருந்தால், துவக்கு பெரும்பாலும் ஒழுங்காகவே சுடுகின்றது. குறிபார்க்கும் முள்ளோ தொலைநோக்கியோ இடம்பெயர்ந்துள்ளது. அதைத் திருத்தினாற் போதும். துளைகள் அங்குமிங்குமாகச் சிதறியிருந்தால் நோய் வேறு. எப்போதும் ஒரே விதமாகப் பிழைவிடும் மாணவனைத் திருத்துவது எளிது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகப் பிழைவிடுபவனிடம்தான் ஆசிரியர் பொறுமையோடு காரணம் தேட வேண்டியிருக்கும்.

சிதறலைக் கண்டதும் குழலே தேய்ந்துவிட்டதென்று முடிவுகட்டிப் புதுக்குழல் வாங்க ஓடுவோர் உளர். முதலிற் கையிலெடுக்க வேண்டியது ஒரு திருப்புளி. தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் ஆணிகளும், குழற்பகுதியை மரப்பிடியோடு இணைக்கும் ஆணிகளும் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வெடியின் அதிர்ச்சியும் அவற்றைச் சிறிது சிறிதாக நெகிழ்த்துகின்றது.

அடுத்தது மரம். மரம் வெட்டப்பட்ட பின்னும் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், வறட்சியிற் சுருங்கும். கோடையில் நேராகச் சுட்ட துவக்கு மாரியில் விலகிச் சுடுவதற்கு, வீங்கிய மரம் குழலின் ஒரு பக்கத்தை அழுத்துவதே காரணமாதல் கூடும். இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். மெல்லிய கடதாசித் துண்டொன்றைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையே செருகி இழுத்துப் பார்த்தால், எங்கே தடைப்படுகின்றது என்பது தெரிந்துவிடும். ஆனால், சில துவக்குகளில் குழலின் முனையருகே மரம் தாங்கும்படி வேண்டுமென்றே அமைத்திருப்பர். அதை அறியாது மரத்தைச் சீவுதல் ஆகாது.

குழலின் உட்புறத்தே சுருளாக ஓடும் தவாளிப்புகளே குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துகின்றன. குண்டின்மேலுள்ள செம்புப் பூச்சு அவற்றிற் படிந்துவிட்டால் குறி கெடும். அமோனியா கலந்த திரவத்தை இட்டுத் துடைத்தால் துணியில் நீலநிறம் ஏறும். அதுவே செம்பு இருந்தமைக்குச் சாட்சி. துப்புரவு செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. கோலைக் குழலின் வாய்வழியே செலுத்தி அவசரமாகத் தேய்ப்பவர், அவ்வாயின் விளிம்பைச் சிதைத்துவிடுவர். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அது. அங்கே சிறு வடு இருப்பினும் வெடிவாயு ஒருபக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். இயலுமாயின் பின்புறமிருந்தே துடைத்தல் வேண்டும். அழுக்கினாற் கெட்டதைவிட அளவுகடந்த துப்புரவினாற் கெட்ட குழல்களும் உள.

தோட்டாவை மாற்றினீர்களா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. குண்டின் நிறையோ மருந்தோ வேறானால் விழும் இடமும் வேறாகும்.

இனி, எவரும் கேட்க விரும்பாத கேள்வி: சுடுபவர் எப்படி? வெடியின் ஓசைக்கும் தோளில் விழும் உதைப்புக்கும் அஞ்சி, விசையை இழுக்கும் கணத்திலேயே உடல் தன்னையறியாமற் கூசும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழியுண்டு. நண்பர் ஒருவர், சுடுபவர் அறியாதபடி, உண்மைத் தோட்டாக்களுக்கிடையே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைக் கலந்துவிடுவார். அதன் முறை வரும்போது வெடி இல்லை, உதைப்பும் இல்லை. ஆயினும் துவக்கின் முனை சடக்கெனத் தாழும்! அதைக் கண்டபின் துவக்கைக் குறைசொல்ல வாய் வராது. இன்னொருவரைக் கொண்டு அதே துவக்காற் சுடுவிப்பதும் பயனுடையதே.

இவற்றில் எதைத் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்திச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஆணியை இறுக்கி, மரத்தைச் சீவி, தோட்டாவையும் மாற்றிவிட்டு, சரியாயிற்று என்று மகிழ்பவருக்கு எது நோய் என்பது தெரியாது. அடுத்த மாரியில் அது மீண்டும் வரும்.

இத்தனையும் செய்தும் காரணம் அகப்படாமற் போவதுண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944இல், பிரித்தானியர் லீ-என்பீல்ட் ஐந்தாம் இலக்க றைபிளை உருவாக்கினர். முன்னைய நான்காம் இலக்கத்தைவிட ஏறத்தாழ 5 அங்குலம் குட்டையானது. பல இடங்களில் இரும்பைக் குடைந்து பாரம் குறைக்கப்பட்டது. அதில் இன்று சரிசெய்த குறி நாளை இடம்மாறி நிற்கின்றதென முறைப்பாடுகள் எழுந்தன. சோதனைகள் நடந்தன, தீர்வு கிடைக்கவில்லை. 1947இல் அதன் உற்பத்தி நின்றது. இரும்பைக் குடைந்ததே குற்றம் என்றனர் சிலர். புதிய தானியங்கித் துவக்கை விரும்பிய படைத்துறையினர் சொன்ன சாட்டு என்றனர் வேறு சிலர். எஞ்சியவற்றுட் பல பின்னர் மலிவாக விற்கப்பட்டு, வெளிநாட்டு வேட்டைக்காரரின் கைகளை அடைந்தன. அவற்றைக் கடதாசியிற் சுட்டுப் பார்த்தோருட் பலர், அப்படியொரு குறையைத் தாம் காணவில்லை என்றே சொல்கின்றனர்.