துடிப்பும் விசையும்



இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை மணிக்கட்டில் விரல் வைத்தே எண்ணிவிடலாம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசையின் ஓர் உயிரணு எவ்வளவு வலிமையாக இழுக்கிறது என்பது வேறு வினா. துடிப்பின் எண்ணிக்கையை மாற்றாமலேயே இழுப்பின் வலிமையை ஒரு மருந்து குறைத்துவிடக்கூடும். ஆகவே, இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

கண்ணுக்குப் புலனாகாத உயிரணுவின் இழுப்பை எவ்வாறு அறிவது? 1980ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹாரிசும் அவர்தம் குழுவினரும் மெல்லிய சிலிக்கோன் படலத்தின்மீது உயிரணுக்களை வளர்த்தனர். உயிரணுக்கள் இழுக்கவே, படலத்தில் சுருக்கங்கள் விழுந்தன. இன்றோ மென்மையான ஜெல்லினுள் ஒளிரும் நுண்மணிகளைப் பதித்து, அதன்மேல் இதய உயிரணுவை இருத்துகின்றனர். அது சுருங்குந்தோறும் மணிகள் இடம்பெயர்கின்றன. பெயர்ந்த தொலைவையும் ஜெல்லின் விறைப்பையும் கொண்டு விசையைக் கணிக்கின்றனர். அதனை நானோநியூட்டனில் குறிப்பர். நூறு கிராம் நிறையுள்ள பொருளைக் கையில் தாங்க ஏறத்தாழ ஒரு நியூட்டன் விசை வேண்டும். அதில் நூறு கோடியில் ஒரு பங்கே ஒரு நானோநியூட்டன்.

இதனைத் தமிழில் எழுதுவோர் 'இதய உயிரணுவின் சக்தியை அளந்தனர்' என்று எழுதிவிட்டால் என்னவாகும்? நேரே அளந்தது இடப்பெயர்ச்சியை, அதிலிருந்து கணித்தது விசையை என்னும் வேறுபாடு மறைந்துவிடும். விசையும் ஆற்றலும் ஒன்றாகிவிடும். நம் மாணவர்கள் இடைநிலைப்பள்ளியில் 'டாயா', 'தெனாகா', 'குவாசா' என மலாய்மொழியில் தெளிவாகப் பிரித்துக் கற்கின்றனர். அவற்றுக்கு நேராக விசை, ஆற்றல், திறன் என்னும் சொற்கள் நம்மிடமும் உள. எனினும், பேச்சில் மூன்றையும் 'சக்தி' என்பதற்குள் அடக்கிவிடுகிறோம்.

தமிழகத்தார் 'செல்' என்பதை இலங்கையர் 'கலம்' என்பர். நாம் 'உயிரணு' என்கிறோம். இவ்வேறுபாட்டால் பெருங்கேடில்லை, மூன்று சொற்களும் ஒரே பொருளையே சுட்டுகின்றன. மூன்று பொருள்களை ஒரே சொல்லால் சுட்டுவதே கேடு.

இத்தகைய விசைகளை ஆராய்வதற்கென்றே அண்டை நாடாகிய சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009ஆம் ஆண்டு இயந்திர உயிரியல் ஆய்வுக்கழகம் தொடங்கப்பெற்றது. அத்தகைய ஆய்வகத்திற்கு நாளை சுபாங் ஜெயாவிலிருந்தும் ஒரு மாணவி செல்லலாம். அவள் தன் பணியைத் தன் பாட்டிக்குப் பிழையின்றித் தமிழில் விளக்க இயலவேண்டும். ஆசிரியர்களே, விசை, ஆற்றல், திறன் ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி ஒரு பத்தி எழுதும் பயிற்சியை வகுப்பில் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.