வழி சொன்னவர்களும் வழி நடந்தவர்களும்

(வானொலி மறையுரை: ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. வாசகங்கள்: எசாயா 60:1-6, எபேசியர் 3:2-3, 5-6, மத்தேயு 2:1-12)



நம் தாத்தா பாட்டிமார் இந்த நாளை 'மூன்று இராசாக்கள் திருநாள்' என்றுதான் சொல்வார்கள். கிறிஸ்து பிறப்பு விழா அன்று, குடிலின் ஓரத்தில் தள்ளி வைத்த மூன்று சொரூபங்களையும் ஒட்டகத்தையும் பிள்ளைகள் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இன்றைக்குக் குழந்தையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இன்னும் சில நாளில் குடிலைப் பிரித்து, சொரூபங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். அதற்கு முன் இந்த மூவரோடு சற்று நேரம் இருப்போம்.

மூவர் என்று நாம் சொல்கிறோம். மத்தேயு நற்செய்தியாளர் எண்ணிக்கை எதுவும் தரவில்லை. அவர்களை அரசர்கள் என்றும் அவர் அழைக்கவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் வந்தவர்களும் மூவர் என்று மரபு கொண்டது. அரசர்கள் காணிக்கையோடு வருவதை எசாயா இறைவாக்கினரும் 72ஆம் திருப்பாடலும் முன்னுரைத்திருப்பதால், அவர்கள் தலையில் கிரீடமும் ஏறியது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பிற்காலத்தில் வந்தவையே. நற்செய்தி அவர்களைப் பற்றி உறுதியாகச் சொல்வது கொஞ்சம்தான். அவர்கள் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள். யூத மக்களைச் சேராத அயலார். ஒரு விண்மீனைக் கண்டார்கள், புறப்பட்டார்கள்.

அவர்கள் நேரே பெத்லகேமுக்கு வரவில்லை. அரசக் குழந்தையைத் தலைநகரில்தானே தேட வேண்டும் என்று எருசலேமுக்குப் போனார்கள். அவர்கள் கேட்ட கேள்வியில் ஏரோது கலங்கினான். எருசலேம் நகரமும் அவனோடு சேர்ந்து கலங்கியது. தலைமைக் குருக்களையும் மறைநூல் அறிஞர்களையும் கூட்டி, மெசியா எங்கே பிறப்பார் என்று விசாரித்தான். அவர்கள் தயங்கவே இல்லை. யூதேயாவிலுள்ள பெத்லகேமில் என்றார்கள். மீக்கா இறைவாக்கினரின் நூலிலிருந்து சான்றும் காட்டினார்கள். பதில் சரியான பதில். ஊர் பெயர் சரி, சான்றும் சரி.

அன்புக்குரியவர்களே, எருசலேமிலிருந்து பெத்லகேமுக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? ஏறக்குறைய 9 கிலோமீட்டர். நல்ல நடையாக நடந்தால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். நம் ஊர்களில் இதைவிட அதிக தூரம் காலில் செருப்பில்லாமல் திருயாத்திரை நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மெசியாவுக்காகக் காத்திருந்தவர்களில், மறைநூலைக் கரைத்துக் குடித்தவர்களில், ஒருவராவது 'சரி, நாமும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்' என்று அந்த ஞானிகளோடு கிளம்பியதாக மத்தேயு எழுதவில்லை. அவர்கள் வழி சொன்னார்கள். அயலார் நடந்தார்கள். நடக்கத் தொடங்கிய பிறகுதான் விண்மீன் மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் கண்டு அவர்கள் அளவில்லாத மகிழ்ச்சி அடைந்தார்கள். அரண்மனைக்குள் இருந்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி கிடைக்கவில்லை.

இந்த நற்செய்தியை வாசிக்கும்போது நம்மை அறியாமலே நாம் ஞானிகளின் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். ஒரு வகையில் அது நியாயம்தான். புனித பவுல் எபேசியருக்கு எழுதும்போது, பிற இனத்தாரும் கிறிஸ்துவில் உடன் உரிமையாளர்கள் ஆனார்கள் என்பதுதான் இத்தனை காலம் மறைந்திருந்து இப்போது வெளிப்பட்ட இரகசியம் என்கிறார். அந்தப் பிற இனத்தாரில் நாமும் உண்டு. நாம் தாவீதின் வழிமரபில் வந்தவர்கள் அல்லர். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, மன்றாட்டுகளைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணி, கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். போர்த்துக்கல் நாட்டில் பிறந்த புனித அருளானந்தர் நம் மொழியைக் கற்று, நம் உணவை உண்டு, 1693இல் ஓரியூரில் உயிரையே கொடுத்தார். வெளியே நின்ற நம்மை உள்ளே அழைக்க யாரோ கடல் கடந்து வந்தார்கள், நம் பேச்சைப் பேசக் கற்றார்கள். ஆகவே திருக்காட்சி நம்முடைய விழா. நமக்குக் கதவு திறந்த நாள்.

ஆனால் கதவு திறந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. இப்போது நாம் உள்ளே இருக்கிறோம். எருசலேமில் இருந்தவர்களும் அப்படித்தான் உள்ளே இருந்தார்கள். இதை நாங்கள் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. எங்கள் பங்கில் நடந்த ஒன்றை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எங்கள் பங்கு திருப்பூர்ப் பக்கத்தில், பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி. பந்தலில் நாற்காலிகள் போட்டிருந்தோம். சைக்கிள் நிறுத்தும் இடத்தில், வேப்ப மரத்தடியில் இருபது, இருபத்தைந்து வடமாநில இளைஞர்கள் நின்றார்கள். சிலர் உட்கார வந்தபோது, பங்கு மக்களுக்கு இடம் வேண்டுமே என்று எங்களில் ஒருவர் கையைக் காட்டிப் பின்னால் போகச் சொன்னார். போய் நின்றுகொண்டார்கள். திருப்பலி முழுவதும் நின்றார்கள். நற்கருணை வாங்க வரிசையில் வந்தபோது, இவர்கள் கத்தோலிக்கர்தானா என்ற சந்தேகத்தில் தன்னார்வலர் ஒருவர் தடுத்தார். வரிசையில் முதலில் நின்ற பையன் ஒன்றும் பேசவில்லை. சட்டைக்குள் கிடந்த செபமாலையை வெளியே எடுத்துக் காட்டினான்.

திருப்பலி முடிந்ததும், இந்தி தெரிந்த அருள்சகோதரி ஒருவரை வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசினோம். ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்துக்காரர்கள். அந்தப் பையனின் அப்பா தம் ஊரில் உபதேசியார். அவர்கள் பக்கத்து மக்களிடையே பணியாற்ற 1885இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு சோட்டா நாக்பூருக்கு வந்தார். நிலத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த பழங்குடியினருக்கு வழக்குகளில் துணை நின்றார். அந்த விசுவாசத்தின் வழிவந்தவர்களைத்தான் நாங்கள் மரத்தடிக்கு அனுப்பியிருந்தோம். 'இங்கே எப்போது வந்தீர்கள்?' என்று கேட்டோம். ஒன்றரை வருடமாக ஞாயிறுதோறும் வருகிறோம் என்றார்கள். பின்வாசலில் நின்று திருப்பலி கண்டுவிட்டுப் போய்விடுவார்களாம்.

ஒன்றரை வருடம்! குருக்களாகிய நாங்களும் அவர்களைப் பார்த்துத்தான் இருக்கிறோம். ஒருவர் பெயரையும் கேட்டதில்லை. ஏரோதின் அரண்மனையிலிருந்து பெத்லகேமுக்கு 9 கிலோமீட்டர். எங்கள் பங்கு அலுவலகத்திலிருந்து ஆலயத்தின் பின்வாசலுக்கு அறுபது அடி இருக்கும். அந்த ஆண்டு நாங்கள் ஞானிகளைப் பற்றி நன்றாகத்தான் மறையுரை ஆற்றியிருப்போம்.

மறு வாரம் திருக்காட்சிப் பெருவிழா. காணிக்கைப் பவனியில் அவர்களை வரச் சொன்னோம். மத்தளம் போன்ற தங்கள் தோல்கருவியைத் தட்டிக்கொண்டு, சாத்ரி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். எல்லாருக்கும் பிடித்தது என்று சொன்னால் அது பொய். 'இது தமிழ்ப் பங்கு சாமி, இன்றைக்குப் பாட்டு, நாளைக்குத் தனித் திருப்பலி கேட்பார்கள்' என்று பங்குப் பேரவையில் பேச்சு எழுந்தது. திருப்பலி முடிந்து வந்த ஒரு பாட்டி மட்டும், 'அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்களா சாமி? போன்ல பேசுறானா?' என்று கேட்டார். அடுத்த ஞாயிறு ஒரு தூக்குச்சட்டியில் அதிரசத்தோடு வந்து, மரத்தடியில் அவனைத் தேடினார். அவருக்கு இந்தி தெரியாது. அவனுக்கு அப்போது தமிழ் வராது.

பேரவையில் எழுந்த கேள்விக்கு எங்களுக்குப் பதில் கிடைத்த இடம் துபாய். எங்கள் பங்கிலிருந்து பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அங்குள்ள புனித மரியன்னை ஆலயத்தில் தமிழில் திருப்பலி நடக்கிறது. 'அம்மா, இன்னிக்குத் தமிழ்ப் பூசைக்குப் போனேன்' என்று மகன் தொலைபேசியில் சொல்லும்போது, இங்கே இருக்கும் தாயின் கண் நிறைகிறது. யாரோ நம் பிள்ளைக்கு ஓர் ஆலயத்தையும் ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நன்றி சொல்கிறோம். சிம்டேகாவில் இருக்கும் தாயும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவளுக்கு அவள் மகன் என்ன சொல்ல வேண்டும் என்று விரும்புகிறோம்?

இப்போது மாதம் ஒரு ஞாயிறு மாலை எங்கள் ஆலயத்தில் இந்தியில் திருப்பலி நடக்கிறது. முணுமுணுப்பு முழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் அதற்கு வருகிற தமிழர் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

பிரியமானவர்களே, ஞானிகள் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கைகள் கொண்டுவந்தார்கள். நாமும் மூன்று காணிக்கைகளை எண்ணிப் பார்ப்போம்.

பொன் அரசருக்கு உரியது. நம்மில் சிலர் தொழில் நடத்துகிறோம். சிலர் வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஓர் அறையில் பத்துப் பேரைத் தங்கவைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களும் நம்மில் உண்டு. உழைத்தவனுக்கு உரிய கூலியும் மனிதன் தங்கத்தக்க இடமும் கொடுப்பதே நாம் குழந்தையின் முன் வைக்கும் பொன். அதை வைக்காமல் உண்டியலில் போடும் நோட்டு அவருக்குப் பொன்னாகத் தெரியாது.

சாம்பிராணி கடவுளுக்கு உரியது, வழிபாட்டின் அடையாளம். அயல் மொழிக்காரரோடு ஒரே பீடத்தைச் சுற்றி நிற்பது, அவருக்கும் ஒரு வாசகமோ ஒரு மன்றாட்டோ ஒதுக்குவது, சமாதானம் சொல்லும்போது திரும்பிப் பின்வாசலையும் பார்ப்பது சாம்பிராணி.

வெள்ளைப்போளம் கசப்பானது. சிலுவையில் இயேசுவுக்கு அது கலந்த திராட்சை இரசத்தைக் கொடுக்க வந்தார்கள். அவரை அடக்கம் செய்ய நிக்கதேம் அதைக் கொண்டுவந்தார். துன்பத்துக்கும் சாவுக்கும் உரிய காணிக்கை அது. ஊரை விட்டு வந்தவன் காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு வாய்க் கஞ்சி, விபத்தில் அடிபட்டால் மருத்துவமனையில் மொழி தெரிந்த ஒரு துணை, இறந்துபோனால் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்க நாலு பேர். அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் உள்ள பங்கில் இது முடியாத காரியம் அல்ல.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஞானிகள் வேறு வழியாகத் திரும்பிப் போனதும் மத்தேயு அடுத்து என்ன சொல்கிறார்? யோசேப்பு இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார். அயலாரை வீட்டுக்குள் வரவேற்ற அந்தக் குடும்பம், சில நாளில் தானே அயல் நாட்டில் வாசல் வாசலாக இடம் கேட்கும் குடும்பமானது. எகிப்தில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தவர் யாரென்று நற்செய்தி சொல்லவில்லை. பெயர் தெரியாத அந்த மனிதர் குடிலில் இல்லை. அவருடைய இடம் நமக்காகக் காலியாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளே பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று 1843இல் பிரான்சு நாட்டில் ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். நாளுக்கு ஓர் அருள் நிறைந்த மரியே, மாதத்துக்கு ஒரு காசு. அவ்வளவுதான் அவர் கேட்டது. அதுதான் திருப்பாலத்துவ சபை. பின்னர் 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பிள்ளைகளின் மறைபரப்பு நாளை ஏற்படுத்தி, அதைத் திருக்காட்சியோடு இணைத்தார். உங்கள் தெருவில் வேறு மொழி பேசும் பிள்ளை இருந்தால், இந்த வாரம் அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிலில் ஒட்டகத்தை நகர்த்தியது நீங்கள்தான். பெரியவர்களாகிய எங்களையும் கொஞ்சம் நகர்த்துங்கள்.

மன்றாடுவோம். ஆண்டவரே, தூரத்தில் இருந்தவர்களை விண்மீனால் அழைத்தவரே, அருகில் இருந்துகொண்டே உம்மைக் காண வராமல் போனவர்கள் நாங்கள். எங்களை மன்னித்தருளும். எங்கள் ஆலயத்தின் பின்வாசலில் நீர் நிற்கும்போது உம்மை அடையாளம் காணும் கண்களைத் தாரும். எழுந்து அந்த அறுபது அடி நடந்து வரும் கால்களையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.