சத்தமும் பேயும்

(பாவூர்சத்திரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் சத்தம். இதுவும் ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். இந்தத் தென்காசிப் பக்கத்தில் கொடை வந்து விட்டால் நையாண்டி மேளமும், வேட்டும், குழாய் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஊரைக் கிழிக்கின்றன. அந்தச் சத்தம் பொறுக்காமல் ஒருவன் காதைப் பொத்திக் கொண்டு ஓடினால் அவனைக் கிறுக்கன் என்கிறார்கள். ஒரு பெண் வேட்டுக்குத் திடுக்கிட்டு விழுந்து கைகால் இழுத்தால் பேய் என்கிறார்கள். அதே மேளத்துக்கு ஒருவன் ஆடினால் சாமி என்று காலில் விழுகிறார்கள். ஒரே சத்தத்துக்கு மூன்று தீர்ப்பு! எந்த வைத்தியன் சொன்ன தீர்ப்பு இது?

ஆடுகிறவரெல்லாம் நோயாளி என்று நாம் சொல்ல வரவில்லை. கொட்டு நின்றால் அவர் பெரும்பாலும் தானே நின்று கொள்ளுகிறார். விழுந்து இழுக்கிறவர் சங்கதிதான் வேறு.

காது சத்தத்தை உள்ளே விடுகிற வாசல் மாத்திரமே. அதைப் பெரிது சிறிது என்று நிதானிப்பது மூளை. அந்த நிதானம் கெட்டால் பாத்திரம் விழுகிற சத்தங்கூட அறைவது போல வலிக்கும். அப்படிப்பட்டவர் எந்நேரமும் காதில் பஞ்சு வைத்துக் கொண்டிருந்தால் நோய் வளருமே தவிரக் குறையாது. சிறு சத்தத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லப் பழக்குவதுதான் வைத்தியம். வேறு சிலருக்கோ, பக்கத்திலிருப்பவர் சப்புக் கொட்டிச் சாப்பிட்டால் அடக்க முடியாத ஆத்திரம் வரும். இதற்கு 2001-ல் ஜாஸ்ட்ரெபாப் என்னும் இருவர் ‘மிசோபோனியா’ என்று பெயர் வைத்தார்கள். நம் வீடுகளில் இது மாமனாருக்கு வந்தால் சுபாவம், மருமகளுக்கு வந்தால் திமிர்!

வலிப்பு என்பது மூளை நரம்புகளில் ஓடும் மின்சாரம் கட்டுமீறிப் பாய்வது. பெரும்பாலும் அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. சிலருக்கு மட்டும் திடீர்ச் சத்தம் அதைக் கிளப்பும். மிகச் சிலருக்குச் சங்கீதமே கிளப்பும். இங்கிலாந்து டாக்டர் கிரிச்லி இதை 1937-லேயே எழுதி வைத்தார். அந்த நோயாளிகளை எந்தச் சுடலைமாடன் போய்ப் பிடித்தான் என்று கேட்கிறோம்.

இதற்கு 1912 முதல் பினோபார்பிட்டோன் என்ற மாத்திரை உண்டு. பிறகு வந்த மருந்துகளும் பல. நம்மவர்களோ கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வேப்பிலையால் அடித்து, பூசாரிக்குக் கோழி கொடுக்கிறார்கள். மூளையின் நோயைப் பேய் என்று சொல்லிக் கொண்டே போனால் எங்கே போய் முடியும்? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்த போது, தர்க்காவை நம்பி விடப்பட்டுச் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓடவும் வழியின்றி வெந்தார்கள். மாண்டவர் 28 பேர்.

பெண்களுக்கு இதில் இரட்டைத் தண்டனை. அடிக்கடி வலிப்பு வருகிறவர் கலியாணத்துக்கு லாயக்கில்லை என்று 1976-ல் இந்து விவாகச் சட்டத்திலேயே எழுதினார்கள். 1999-ல்தான் அந்த வார்த்தையை எடுத்தார்கள். சட்டத்தை விட்டுப் போனது பெண் பார்க்க வருகிறவர் வாயை விட்டுப் போயிற்றா?

சத்தம் போடுவது மத உரிமை என்பார்கள். சென்னை மாதவரம் சாலையில் ஒரு சர்ச்சின் கொட்டுச் சத்தம் பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லும் மதம் எதுவுமில்லை என்று 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி விட்டது. அதே வருஷத்து விதிப்படி குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்காகச் சர்க்கார் 12 மணி வரை விடலாம், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நம் மேடைக்கும் விதி ஒன்றே.

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் யாராவது இழுத்து விழுந்தால், கொட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் தாமதியாமல் தென்காசி அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சீக்கிரம் நின்று விட்டாலும் மறுநாள் டாக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

மணி பத்தாகப் போகிறது. குழாயை நிறுத்த வேண்டியிருப்பதால் இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம். சந்தேகமுள்ளவர்கள் மேடைப் பக்கம் வந்து கேட்கலாம்.