ஜெர்மன் மொழியில் பட்டம் பெறுதல்



சென்ற கோடையில் ஒரு நாள் மாலை என் நண்பர் ஒருவர் மிகுந்த கவலையுடன் என் இல்லத்திற்கு வந்தார். அவர் டில்லியில் மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் பணி புரிபவர். ஹைதராபாத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. மாற்றல் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் புதிதன்று. ஆனால் அவருடைய மகள் இங்கே ஜெர்மன் மொழியில் பி.ஏ. வகுப்பின் இரண்டாம் ஆண்டை அப்போதுதான் முடித்திருந்தாள்.

"அவள்தான் ஜெர்மன் மொழியைச் சரளமாகப் பேசுகிறாளே! பாக்கி ஓராண்டை ஹைதராபாத்தில் படித்து முடித்துவிட்டால் போகிறது. என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் நண்பர்.

சர்க்கார் விதிகளை மொழிபெயர்ப்பதே என் தொழில். ஆகவே உடனே விடை கூறாமல், விதிகளைக் கொண்டு வரச் சொன்னேன். அந்தப் பெண்ணும் உடன் வந்து அமர்ந்தாள். அன்று நாங்கள் மூவரும் கண்டறிந்தவற்றையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

ஒரு மொழியைப் பேசக் கற்பது வேறு. அம்மொழியில் பட்டம் பெறுவது வேறு. மாக்ஸ் முல்லர் பவன் என்று நம் நாட்டில் வழங்கும் கதே நிலையம், மொழித் திறனை ஆறு படிகளாகப் பிரித்துத் தேர்வு நடத்துகிறது. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கும் அங்கே சோதிக்கப்படும். அந்தச் சான்றிதழ் மதிப்புடையதே. எனினும் அது பட்டம் ஆகாது.

பட்டப் படிப்போ வேறு வகையானது. டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தில், ஜெர்மன் மொழியை முன்பின் அறியாத மாணவரும் முதலாண்டில் சேரலாம். முதலில் எழுத்து, உச்சரிப்பு, இலக்கணம். அம்மொழியில் மேசை ஆண்பால்; சிறுமியைக் குறிக்கும் சொல்லோ அலிப்பால். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு நான்கே. சார்பு வாக்கியங்களில் வினைச்சொல் இறுதியில் வருவது தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே தோன்றும். பின்னர் லெஸ்ஸிங், கதே, ஷில்லர், பிரெஹ்ட் முதலியோரின் நூல்களும், 1871-ல் ஒன்றுபட்டு, 1949-ல் இரண்டாகி, 1990-ல் மீண்டும் இணைந்த நாட்டின் வரலாறும், மொழிபெயர்ப்பும் தொடரும். ஜெர்மானியரான கார்ல் கிரவுல் 1856-ல் திருக்குறளைத் தம் மொழியில் வெளியிட்டார். கடைவீதிப் பேச்சுத் தமிழை மட்டும் கற்றவரால் அது இயன்றிருக்குமா? அத்தகைய முழுமையான பயிற்சியையே பட்டம் வேண்டுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பல்கலைக் கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தின்படி, மூன்றாண்டுப் பட்டத்திற்குக் குறைந்தது 120 மதிப்பலகுகள் வேண்டும். மாணவர்கள் 'கிரெடிட்' என்று கூறுவது இதைத்தான். ஒரு பருவத்தில் 15 மணி நேர வகுப்புக்கு ஒரு மதிப்பலகு.

இந்த 120-ல் முதன்மைப் பாடமான ஜெர்மனுக்கு உரியவை 60 மட்டுமே! துணைப் பாடத்திற்கு 24, பிற துறைப் பாடங்களுக்கு 9, இந்திய மொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் திறன் வளர்ப்பதற்கு 8, தொழில் திறனுக்கு 9. இவை தவிர, சுற்றுச்சூழல் போன்ற பொது அறிவுப் பாடங்களுக்கு 6 முதல் 8, களப் பயிற்சிக்கு 2 முதல் 4. நான்காம் ஆண்டும் படித்து ஆனர்ஸ் பட்டம் பெற விரும்புவோருக்கு 160 வேண்டும். அந்த ஆண்டில் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாயின், முதல் ஆறு பருவங்களில் 75 சதவிகிதம் பெற்றிருத்தல் அவசியம். பல்கலைக் கழகத்துக்குப் பல்கலைக் கழகம் இவை சிறிது மாறுபடலாம்.

நண்பரின் மகள் நான்கு பருவங்களில் 80 பெற்றிருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தபோது 73 தான் இருந்தது. ஜெர்மன் பாடங்களில் ஒன்றுகூடப் பாக்கி இல்லை. பிற துறைப் பாடம் ஒன்று, இந்திய மொழிப் பாடம் ஒன்று, சுற்றுச்சூழல் பாடம் ஒன்று ஆகிய மூன்றிலும் அவள் தேறவில்லை. "அவை முக்கியமில்லை என்று நினைத்துவிட்டேன், மாமா" என்றாள். இரண்டாம் ஆண்டோடு நின்று டிப்ளமா பெறுவதற்குக்கூட 80-உம், அதற்கு மேல் 4 மதிப்பலகுள்ள தொழிற்பயிற்சியும் வேண்டும்.

மாற்றலைப் பற்றிய விதியை அடுத்துப் பார்த்தோம். 2021-ல் ஏற்படுத்தப்பட்ட மதிப்பலகு வங்கியில் மாணவர் ஈட்டியவை வரவு வைக்கப்படுகின்றன. ஓரிடத்தில் பெற்றதை வேறிடத்திற்கு எடுத்துச் செல்லலாம். இது இடம் பெயரும் குடும்பங்களுக்குப் பெரிய உதவியே. ஆயினும் பட்டம் வழங்கும் பல்கலைக் கழகத்திலேயே குறைந்தது பாதியை ஈட்ட வேண்டும் என்றும் விதி உள்ளது. ஹைதராபாத்தில் பட்டம் பெறுவதானால் 60 அங்கேயே பெற வேண்டும். ஆகவே அவளுடைய 73-ல் 13 வீணாகும். டில்லியிலேயே இருந்தாலோ, இன்னும் 47 பெற்றால் போதும்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. மகளைத் தனியே விட்டுச் செல்ல அவர் மனம் இடந்தரவில்லை; அவர் மனைவிக்கோ அதைவிட வருத்தம். இறுதியில், மகள் விடுதியில் தங்கிப் படிப்பது என்று முடிவாயிற்று. தவறிய மூன்று பாடங்களையும் மீண்டும் எழுத இசைந்தாள். பெற்றோர் இருவரும் ஜூன் மாதத்தில் ரயிலேறினார்கள். சென்ற வாரம் அவளைச் சந்தித்தேன். தவறியவற்றில் இரண்டு பாடங்களில் தேறிவிட்டதாகக் கூறினாள்.

வெளி மாநிலங்களில் வாழும் பெற்றோர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே. உங்கள் பிள்ளை அயல்மொழியில் நன்றாகப் பேசுவதைக் கண்டு மகிழுங்கள்; ஆனால் அதையே படிப்பின் அளவாகக் கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பருவ முடிவிலும், எந்தப் பகுதியில் எத்தனை மதிப்பலகு பெற்றான், எத்தனை பாக்கி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். மாற்றல் வருமென்று தோன்றினால், இரண்டு பல்கலைக் கழகங்களிலும் எழுத்து மூலமாக விசாரியுங்கள். இடையில் படிப்பு நின்றுவிட்டாலும் மனம் தளர வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் சேர்ந்து, மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்க அத்திட்டத்தில் இடமுண்டு.

விதிகளில் வரும் 'குறைந்தது' என்ற சொல்லை நாம் எளிதில் தாண்டிச் சென்றுவிடுகிறோம். இருபது ஆண்டுகளாக அச்சொல்லை மொழிபெயர்த்து வரும் எனக்கே, அதன் முழுப் பொருள் அன்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.