பள்ளி மருந்தலமாரியும் வரவு செலவுத் திட்டமும்

(ராபர்ட்சன்பேட்டையில் பள்ளிச் செவிலியர், ஆசிரியர் ஆகியோரிடையே மத்திய அரசு அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



கோலார் தங்கவயலுக்கு வரும் எவரும் தங்கத்தைப் பற்றியோ, மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் கொண்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் பேச வந்திருப்பதோ பள்ளியின் ஒரு மூலையில் நிற்கும் மருந்தலமாரியைப் பற்றி. பொருள் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில், ஒரு நாட்டின் திட்டமிடும் திறனை அதன் பேரணைகளில் மட்டுமன்றி இத்தகைய சிறு அலமாரிகளிலும் அளந்து பார்க்கலாம் என்றே நான் கருதுகிறேன்.

1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து இவ்வூர்ச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. அதே ஆண்டில் நியூயார்க் நகரில் லீனா ராஜர்ஸ் என்னும் செவிலியர் நான்கு பள்ளிகளில் சோதனை முறையாகப் பணியில் அமர்த்தப்பட்டார். சொறி, கண்நோய், பேன் முதலிய சிறு தொல்லைகளுக்காகப் பிள்ளைகளை மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவர். சிகிச்சை பெறாமலே அவர்கள் வாரக்கணக்கில் பள்ளிக்கு வராதிருப்பர். செவிலியர் பள்ளியிலேயே கட்டுப்போட்டு, களிம்பு தடவி, வீட்டுக்கும் சென்று தாய்மார்க்கு எடுத்துரைத்தார். செவிலியர் பணி விரிவாக்கப்பட்டபின், ஒரு மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த விலக்கல்கள் அடுத்த ஆண்டு அதே மாதத்தில் ஏறத்தாழ ஆயிரத்து நூறாகக் குறைந்தன. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? பள்ளி மருந்தலமாரியின் விளைபொருள் மருந்து அன்று; காப்பாற்றப்பட்ட பள்ளி நாள்களே அதன் விளைபொருள்.

சுரங்கம் மூடப்பட்ட பின்

இவ்வூருக்கு இது இருமடங்கு பொருந்தும். சுரங்க நிறுவனம் இயங்கிய காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிறுவனத்தின் மருத்துவமனையே துணையாக நின்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அந்தத் துணையை நம்பியே பல தலைமுறைகள் வாழ்ந்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டபோது, ஊதியம் மட்டும் நிற்கவில்லை. இந்த ஏற்பாடும் நின்றது. இன்று பெற்றோர் பலர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். பகல் பதினொரு மணிக்குக் காய்ச்சல் கண்ட பிள்ளையை அழைத்துச் செல்ல வீட்டில் ஆள் இல்லை. அப்பிள்ளைக்கு அந்நேரத்தில் பள்ளியே வீடு. செவிலியரோ, முதலுதவி அறிந்த ஆசிரியரோ, அவரே தாய்.

அரசின் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை வருகிறது. வாரந்தோறும் வழங்க இரும்புச்சத்து மாத்திரைகள் வருகின்றன. சிறு பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, வளரிளம் பருவத்தினர்க்கு நீலம். ஆயினும் ஆண்டுக்கு ஒரு நாள் வரும் குழுவுக்கும், அன்றாடம் விழுந்து முழங்கால் சிராய்க்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள நாள்களை நிரப்ப வேண்டியது பள்ளியின் அலமாரியே.

ஓர் அனுபவம்

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்றிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேர்வின் நடுவே எழுந்து வீட்டுக்குச் சென்றுவிட்டாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஓர் அணையாடை. அலமாரியில் அது இல்லை. ஆனால் அதே அலமாரியில் நாற்பது புட்டி இருமல் மருந்து காலாவதியாகி, தூசி படிந்து, வரிசையாக நின்றது. எப்படி நேர்ந்தது என்று விசாரித்தேன். முந்தைய ஆண்டின் பட்டியலைப் படியெடுத்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டும் அவ்வாறே. அப்பட்டியல் எங்கள் அலுவலகம் வழியாகச் சென்றது. அதில் கையெழுத்திட்டோருள் நானும் ஒருவன். கணக்குத் தணிக்கையில் அந்தச் செலவில் எந்தக் குறையும் காணப்படவில்லை. அந்தப் பெண் இழந்த தேர்வு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அன்று முதல் படியெடுத்த பட்டியல் எதிலும் நான் கேள்வி கேளாது கையெழுத்திட்டதில்லை.

தேவையைக் கணக்கிடும் முறை

முதற்படி, நாள்பதிவேடு. யார் வந்தார், என்ன குறை, என்ன கொடுத்தோம் என்னும் மூன்று கட்டங்கள் போதும். ஓராண்டுப் பதிவேடு கையில் இருந்தால் தேவைப் பட்டியல் தானே உருவாகிவிடும். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நோய்ப்போக்கு உண்டு. காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு மண்மேடுகளிலிருந்து தூசி கிளம்பும் இவ்வூரில், கண் கழுவும் உப்புநீருக்கான தேவை மற்ற ஊர்களைப் போன்றே இருக்கும் என்று எண்ண இயலாது. உங்கள் பதிவேடே அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தரம் பிரித்தல். பொருள்களை மூன்றாகப் பிரியுங்கள்: இல்லாவிடில் உயிருக்கு ஆபத்து, இல்லாவிடில் பள்ளி நாள் வீணாகும், இருந்தால் நலம். பணம் குறையும்போது மூன்றாம் வகையில் கை வையுங்கள். முதல் இரண்டில் வைக்காதீர்கள். நான் சொன்ன இருமல் மருந்து மூன்றாம் வகை. அணையாடை இரண்டாம் வகை. மக்கள் மருந்தகங்களில் 2019 முதல் ஓர் அணையாடை ஒரு ரூபாய்க்குக் கிடைத்து வருவதையும் நினைவிற் கொள்க. விலை அன்று, கவனமின்மையே அங்குக் குறையாக இருந்தது.

மூன்றாவது, எப்போது மீண்டும் கேட்பது என்பது. ஒரு பள்ளியில் மாதத்துக்கு முப்பது கட்டுத்துணிச் சுருள் செலவாகிறது என்று கொள்வோம். கேட்பு அனுப்பி, பொருள் வந்து சேர இரண்டு மாதம் ஆகிறது. எதிர்பாராத் தாமதத்துக்கு ஒரு மாத இருப்பு வேண்டும். ஆக, அலமாரியில் தொண்ணூறு சுருள் எஞ்சும் நாளிலேயே அடுத்த கேட்பு புறப்பட வேண்டும். சுருள் தீர்ந்தபின் எழுதும் கேட்பு இரண்டு மாதத் துன்பத்துக்கு முன்னறிவிப்பு மட்டுமே.

நான்காவது, அடுக்கும் முறை. முதலில் காலாவதியாவது முன் வரிசையில் நிற்கட்டும். புதிதாக வந்ததை முன்னே வைப்பது எளிது. பின்னே இருப்பது அங்கேயே மடிகிறது.

மார்ச்சு மாத அவசரம்

நமது நிதியாண்டு மார்ச்சு 31இல் முடிகிறது. பள்ளியாண்டோ கோடை விடுமுறைக்குப் பின் தொடங்குகிறது. ஒதுக்கீடு வீணாகிவிடுமே என்று மார்ச்சில் மொத்தமாக வாங்கினால், மாத்திரைகள் பூட்டிய அறையில், வெயில் காய்ந்த கூரையின் கீழ் இரண்டு மாதம் கிடக்கும். வெப்பத்தில் மருந்தின் ஆற்றல் குறையும். நிதியாண்டின் இறுதியில் செலவை அவசரமாகக் கூட்டுவது நிதி ஒழுங்குக்கு மாறானது என்று அரசின் பொது நிதி விதிகளே கூறுகின்றன. சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தம் சொந்தப் பணத்தில் காட்டும் கருத்தைப் பொதுப்பணத்திலும் காட்டவேண்டும் என்பதும் அவ்விதிகள் கூறும் நெறியே.

எனவே ஒதுக்கீட்டைப் பிரித்துச் செலவிடுங்கள். நானூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில், எடுத்துக்காட்டாக, பிள்ளைக்கு ஐம்பது ரூபாய் வீதம் இருபதாயிரம் ரூபாய் என்று கொள்வோம். பள்ளி திறக்கும்போது பத்தாயிரம், அக்டோபரில் ஆறாயிரம், அம்மை, வயிற்றுப்போக்கு போன்ற எதிர்பாரா நிலைக்கு நான்காயிரம் கையிருப்பு. கையிருப்பு செலவாகாது போனால், டிசம்பர் வரையிலான பதிவேட்டைப் பார்த்து, ஜனவரியில் உண்மைத் தேவைக்குப் பயன்படுத்தலாம்.

இலவசமாக வரும் பொருளுக்கும் கணக்கு வேண்டும். அதே நானூறு பேருக்கு வாரம் ஒரு மாத்திரை என்றால் ஆண்டுக்கு 20,800 மாத்திரை. வந்தது எவ்வளவு, விழுங்கியது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று எழுதாவிடில், அடுத்த ஆண்டு மிகையாகவோ குறைவாகவோ வரும். இரண்டும் இழப்பே.

தமிழ்நாடு காட்டும் வழி

அண்டை மாநிலமான தமிழ்நாடு 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம் போன்ற ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. தனக்குரிய தொகைக்குள், தனக்கு எது தேவையோ அதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததன் மதிப்பு புத்தகத்தில் கழிக்கப்படும். விலையைப் பேசும் வேலை மையத்திடம். தேவையைச் சொல்லும் உரிமை பயன்படுத்துவோரிடம். பள்ளிகளின் சிறு தேவைக்கும் இம்முறையைத் தாலுகா அளவில் ஏற்பது கடினமன்று. அதிகாரிகள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நாளைக் காலை பள்ளிக்குச் சென்றதும் அலமாரியைத் திறந்து, பின் வரிசையில் இருப்பதை வெளியே எடுத்துத் தேதியைப் படியுங்கள். பிறகு, இன்று ஒரு மாணவி தேர்வின் நடுவே எழுந்து வந்தால் கொடுக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். இவ்விரண்டுக்கும் விடை எழுதிய தாளே உங்கள் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் முதற்பக்கம்.